சென்னைக்கென்று ஒரு சிம்பொனி இசைக்குழு: அது நம் ஊருக்கு என்ன செய்யும்?

பெரம்பூர் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சென்னை மாநகருக்கென்று, வயலின், ஊதுகருவி, தாளக்கருவி எனப் பலர் சேர்ந்து மேற்கத்திய இசை வாசிக்கும் நிரந்தரமான சிம்பொனி இசைக்குழு ஒன்றை அரசோ மாநகராட்சியோ பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்று ஒரு மனுக் கொடுக்கலாம் என எங்கள் பகுதி நூலகத்து வாசகர் வட்டத்தில் யோசனை எழுந்தது. மனுவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஆனால் வட்டத்தில் பாதிப் பேர் இதை ஒப்பவில்லை. மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவில் இருந்துகொண்டு இசைக்குழு கேட்பதா என்று ஒருவர் வருத்தப்பட்டார். திரும்பிய பக்கமெல்லாம் சபாக்கள் இருக்கும் ஊருக்கு ஐரோப்பியச் சங்கீதம் எதற்கு என்றார் இன்னொருவர். இருவருக்கும் மனம் ஏற்கும்படியான விடையை என்னால் அப்போது சொல்ல முடியவில்லை.

எனக்கு இதில் சொந்தமாகவும் ஓர் அக்கறை உண்டு. என் பேத்திக்கு வயது பதின்மூன்று. சர்ச்சில் பாடும் தோழிகளைப் பார்த்து வயலின் கற்கத் தொடங்கினாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, குழுவில் வயலினைவிடச் சற்றுப் பெரியதும் ஒலி தாழ்ந்ததுமான வயோலாவை வாசிக்க ஆள் இல்லை என்று ஆசிரியர் அவளை அதற்கு மாற்றிவிட்டார். வீட்டில் அவள் பயிற்சி செய்வதைக் கேட்டால், ஒரே இரண்டு சுரங்களை அரை மணி நேரம் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பாள். இதில் என்ன பாட்டு இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. சென்ற மாதம் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் அவர்களுடைய மாணவர் குழு வாசித்தபோது, மேல் சுரங்களில் வயலின்கள் பாட, கீழ்ச் சுரங்களில் செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவி நடக்க, அந்த இரண்டு சுரங்கள் நடுவில் இருந்து இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். வீட்டில் கேட்ட ஒலி அங்கே வேறொன்றாக ஆகியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். கச்சேரி நடத்துவதைத் தவிர, இத்தகைய குழு ஒரு நகரத்து மக்களுக்கு என்ன செய்யும்? நம் ஊருக்கு அது பொருந்துமா? மனுவில் எதைக் கேட்பது நியாயமாக இருக்கும்?

கோடம்பாக்கம் வயலின் எழுதியது:

வணக்கம் அம்மா. தங்கள் பேத்தியின் வயோலாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, எழுதாமல் இருக்க முடியவில்லை. திரைப்படப் பாடல் பதிவுகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் வயலின் வாசித்தவன் நான். பெரும்பாலும் இரண்டாம் வயலின் வரிசையில்.

பலர் நினைப்பதுபோல் சென்னைக்குச் சிம்பொனி இசை புதிதன்று. இந்த ஊரில் எண்பதுகளில் ஒரு நாளைக்கு எத்தனை பதிவரங்குகளில் வயலின் குழுக்கள் அமர்ந்திருக்கும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு வடபழனியில் ஒரு கால்ஷீட், மதியம் சாலிகிராமத்தில் இன்னொன்று. முன்னதாக ஒத்திகை என்று எதுவும் கிடையாது. மை காயாத நொட்டேஷன் தாளை, அதாவது இசைக்குறிப்புத் தாளை, ஸ்டாண்டில் வைப்பார்கள்; ஒரு முறை வாசித்துப் பார்ப்போம்; மறுமுறை டேக். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் போன்றவர்கள் மேற்கத்திய இசை எழுதவும் படிக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். இளையராஜா அவர்களும் அவரிடம் பாடம் கேட்டவரே. பார்த்தவுடன் வாசிக்கும் திறமை இந்த அளவுக்குத் திரண்டிருந்த நகரங்கள் ஆசியாவில் அதிகம் இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு கீபோர்டு வந்தது. நாற்பது வயலின்கள் இருந்த இடத்தில் பத்து, பிறகு நான்கு என்று ஆனது. இன்று சில தமிழ்ப் படங்களுக்கான வயலின், செல்லோ பகுதிகள் புடாபெஸ்டிலும் மாசிடோனியாவிலும் பதிவாகின்றன. இசையமைப்பாளர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே அறுபது பேர் ஆண்டு முழுவதும் ஒன்றாக வாசித்துப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். நாங்களோ கால்ஷீட்டுக்குக் கூடிக் கலைந்தவர்கள். தனித்தனியே திறமைசாலிகள், குழுவாக நிலைக்க எங்களுக்கு ஒருபோதும் வாய்ப்பு அமையவில்லை. 2025 மார்ச் 8 அன்று இளையராஜா அவர்களின் முதல் சிம்பொனி லண்டனில், ராயல் பில்ஹார்மோனிக் என்ற இசைக்குழுவின் கலைஞர்களால் அரங்கேறியது. தமிழர் எல்லாரும் மகிழ்ந்தோம். நானும் மகிழ்ந்தேன். அந்த இசையை அரங்கேற்ற அவர் விமானம் ஏற வேண்டியிருந்ததே என்ற எண்ணமும் அந்த மகிழ்ச்சிக்குள் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

சிம்பொனிக் குழுவில் இரண்டு வயலின்காரர்களுக்கு ஒரே ஸ்டாண்டு. உட்புறம் அமர்ந்திருப்பவர் தன் வாசிப்பை நிறுத்தித் தாளைப் புரட்ட வேண்டும். வெளிப்புறம் இருப்பவர் ஒலி அறுந்துவிடாமல் தொடர வேண்டும். வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று வரிசைத் தலைவர் முடிவு செய்தவுடன், எல்லாரும் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பென்சில் இல்லாமல் ஒத்திகைக்கு வருவதைப் போன்ற அவமரியாதை வேறில்லை. பதினைந்து வில்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போக வேண்டும் என்பது பார்வைக்கு அழகாக இருப்பதற்காக அன்று. மூச்சு ஒன்றாக இருந்தால்தான் ஒலி ஒன்றாக இருக்கும். தன் ஒலி தனியாகக் கேட்காதபடி வாசிக்க ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது, தனிக் கச்சேரியையே இலட்சியமாக வைத்திருக்கும் நம் ஊரில் போதுமான அளவு உணரப்படவில்லை.

ஆகவே மனுவில் கட்டடம் கேட்காதீர்கள் அம்மா. மாதச் சம்பளம் கேளுங்கள். முழுச் சிம்பொனிக்கு எண்பது முதல் நூறு பேர் வேண்டும். தொடக்கத்தில் முப்பத்தைந்து பேர் போதும். வாரத்துக்கு நான்கு நாள் ஒத்திகை, அதே ஆட்கள், அதே அறை. மும்பையில் நிகழ்த்துகலைக்கான தேசிய மையம் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்கே தொடக்கத்தில் கஜகஸ்தானிலிருந்து பெருமளவில் கலைஞர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. சென்னையில் நரம்புக் கருவிகளுக்கு அந்த நிலை வராது. ஓபோ, பஸூன், பிரெஞ்ச் ஹார்ன் ஆகிய ஊதுகருவிகளுக்குத்தான் ஆள் கிடைப்பது அரிது.

மயிலாப்பூர் ரசிகை எழுதியது:

மதிப்புக்குரிய அம்மாவுக்கும், மேலே எழுதிய ஐயாவுக்கும் வணக்கம். ஐயா எழுதியதை மிகுந்த மரியாதையோடு படித்தேன். ஆயினும் எனக்குள்ள தயக்கத்தைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக நான் எதையும் ஒதுக்குபவள் அல்லள். பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருடைய தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் தங்கியிருந்த காலத்தில் கோட்டையில் கேட்ட பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் அமைத்தார். சுமார் 40 நோட்டுஸ்வரங்கள் இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸும், சாக்சபோனை கத்ரி கோபால்நாத்தும் நம்முடையதாகவே ஆக்கித் தந்தார்கள். ஆனால் இவையெல்லாம் நம் இசைக்குள் வந்து, சுரத்தை அசைத்து வளைக்கும் நம் கமகத்துக்கு இணங்கியவை. சிம்பொனிக் குழு அப்படி அன்று. அது தன் இலக்கணத்தோடும் தன் நூல்நிலையத்தோடும் வருகிறது. பொதுமக்கள் பணத்தில் எண்பது பேருக்குச் சம்பளம் கொடுத்து, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் எழுதப்பட்டதை வாசித்துக்கொண்டிருந்தால், அது யாருடைய நகரத்தின் குழு?

இன்னொன்றும் உண்டு. நாகஸ்வர வித்வான்களில் கல்யாண மாதங்களைத் தவிர மற்ற மாதங்களில் வருமானமே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மாதச் சம்பளம் என்று வரும்போது வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. அந்தப் பெருமையை ஈட்டிக் கொடுத்தவர்களுக்கு முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. மனம் மாற நான் தயாராகவே இருக்கிறேன். யாராவது மாற்ற வேண்டும்.

வியாசர்பாடி ஆசிரியர் எழுதியது:

வணக்கம். வடசென்னையில் வாரம் இரண்டு மாலை, பள்ளிப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுக் கொடுக்கிறேன். இருபத்தாறு பிள்ளைகள், பதினான்கு வயலின்கள், மூன்று செல்லோக்கள். மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள்.

நகரத்துக்கு என்ன செய்யும் என்று அம்மா கேட்டிருக்கிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருவனின் தந்தை ஓட்டேரியில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். கல்யாண ஊர்வலத்திலும் சாவு வீட்டிலும் வாசிக்கும் தொழில். அதனாலேயே பிள்ளை பள்ளியில் அதைச் சொல்ல மாட்டான். ஒரு நாள் நாங்கள் பழகிக்கொண்டிருந்த பாடத்தில் டிரம்பெட்டுக்கு எட்டு வரிகள் இருந்தன. வாசிக்க ஆள் இல்லை. தந்தையை அழைத்து வரலாமா என்று கேட்டேன். அவர் வேலை முடிந்து, அந்தச் சிவப்புச் சட்டையோடேயே வந்தார். நொட்டேஷன் படிக்கத் தெரியாது. நான் ஒரு முறை வாசித்துக் காட்டினேன், காதால் வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் மெதுவாக வாசித்துக்கொண்டு வர, குறித்த இடத்தில் அவர் எழுந்து நின்று ஊதினார். கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதன் பிறகு அந்தப் பையன் தன் தந்தையின் தொழிலைச் சொல்லத் தயங்கியதில்லை.

மயிலாப்பூர் அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. அதை நான் இப்படிப் பார்க்கிறேன். நாகஸ்வரமும் ஓபோவும் உறவுக்காரர்கள். இரண்டிலும் ஊதும் முனையில் இரட்டை நாக்கு; திருவாவடுதுறையில் நாணலில் செய்யும், நாகஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளியும் ஓபோவின் நாணல் நாக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஓபோவுக்கு ஆள் இல்லை என்று கோடம்பாக்கம் ஐயா எழுதியிருக்கிறார். இரட்டை நாக்கில் மூச்சை அடக்கி ஆளத் தெரிந்த பரம்பரை நம்மிடம் இருக்கிறது. நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைகளில் விரும்பும் சிலருக்கு ஓபோவும் கற்றுக் கொடுத்தால், அவர்கள் நாகஸ்வரத்தை விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நிலையான வருமானம் வந்தால் அதையும் காப்பாற்றுவார்கள். ஒரு குழு வாசிப்பதற்கு எதை எழுதுகிறோம் என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. வியன்னாவில் எழுதியதையும் வாசிக்கட்டும். நாகஸ்வரத்தை நடுவில் வைத்து நம் ஊர் இசையமைப்பாளர்கள் எழுதுவதையும் வாசிக்கட்டும்.

ஏ.ஆர். ரகுமான் அவர்களின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்று மேடையேறியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. முடியும் என்பதற்கு அதுவே போதும். ஆனால் அப்படிக் கற்று வளர்ந்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் எங்கே போய் வாசிக்கும்? அந்த இடம்தான் இல்லை.

இடம் என்றவுடன் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நகரின் நடுவில் உள்ள ஒரு குளிரூட்டிய அரங்கில் எங்களுக்கு ஒரு மாலை வாய்ப்புக் கிடைத்தது. ஒத்திகைக்கு அரங்கம் தர மாட்டோம், நிகழ்ச்சிக்கு இருபது நிமிடம் முன்னால் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கடற்காற்றின் ஈரத்திலேயே இருந்த எங்கள் மலிவு விலை வயலின்கள் அந்தக் காய்ந்த குளிரில் போனதும், நரம்பை முறுக்கிப் பிடிக்கும் மரப் பிருடைகள் சுருங்கி ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின. மேடையில் பிள்ளைகள் அமர்ந்திருக்க, ஒன்பது வயலின்களில் நரம்பு தொளதொளத்துப் போயிற்று. கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பிருடையில் தேய்த்து, அழுத்தித் திருகி, எப்படியோ தொடங்கினோம். ஒரு பெண் வாசிக்கும்போதே அழுதுகொண்டிருந்தாள். தமக்கென ஓர் அறை, அதே ஈரம், அதே குளிர், வாரந்தோறும் பழகிய தரை என்று இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்று அந்த நிலை வந்திருக்காது. கட்டடம் கேட்க வேண்டாம் என்று ஐயா சொன்னார். அரங்கம் வேண்டாம், ஒத்திகைக்கு ஓர் அறை கேளுங்கள் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

பர்மிங்காம் திரும்பியவர் எழுதியது:

பணியின் பொருட்டுப் பதினோரு ஆண்டுகள் பர்மிங்காமில் இருந்துவிட்டு இப்போது வேளச்சேரியில் வசிப்பவன். வாசகர் வட்டத்தில் பணத்தைப் பற்றிக் கேட்டவருக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

பர்மிங்காம் நகர இசைக்குழு நகராட்சிப் பண உதவியோடு நிறுவப்பட்டது; ஆண்டு 1920. தொழிற்சாலைகளும் புகையும் நிறைந்த ஊர் அது. மேயராக இருந்த நெவில் சேம்பர்லின் போர்க்காலத்தில் முன்வைத்த யோசனை, போர் முடிந்தபின் நிறைவேறியது. 1980இல் சைமன் ராட்டில் என்ற இருபத்தைந்து வயது இளைஞரிடம் குழுவை நடத்தும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் அங்கேயே பதினெட்டு ஆண்டுகள் இருந்து உலகம் அறிந்த குழுவாக ஆக்கினார். அதனோடு சேர்ந்து பாடும் பெரிய பாடற்குழு 1973 முதல் இருக்கிறது. அதில் பாடுபவர்கள் ஊதியம் பெறாத ஊர் மக்கள். என்னோடு பணியாற்றிய ஒரு கணக்காளர் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஐந்து மணிக்கே மேசையை ஒழுங்குபடுத்திவிடுவார், பயிற்சிக்குப் போக. சென்னையில் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் பாடற்குழு 1893 முதலே இருக்கிறது என்பதையும், ஊருக்குள் எத்தனை சர்ச் பாடற்குழுக்கள் இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்தப் பாதி நம்மிடம் தயாராகவே இருக்கிறது.

எச்சரிக்கையாக ஒன்றும் சொல்ல வேண்டும். 2023இல் பர்மிங்காம் மாநகராட்சி நிதி நெருக்கடியில் விழுந்து, அத்தியாவசியமல்லாத புதிய செலவுகளை நிறுத்தியது. அதன் பிறகு இசைக்குழுவுக்கான மானியத்தை முதலில் பாதியாகக் குறைத்து, அடுத்து முற்றிலும் நிறுத்தியது. நூறு ஆண்டு உறவு அது. குழு இன்னும் நடக்கிறது. நன்கொடையாளர்களும் வேறு மானியங்களும் டிக்கெட்டும் இருந்ததால் நடக்கிறது. மாநகராட்சி ஒன்றை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். வடிகாலா வயலினா என்று ஒரு நாள் கேள்வி வந்தால், வடிகால்தான் வெல்லும். வெல்லவும் வேண்டும். ஆகையால் அந்தக் கேள்வியே எழாதபடி, பல பணப்பைகளிலிருந்து சிறிது சிறிதாக வரும் ஏற்பாடாக இருக்கட்டும்.

மயிலாப்பூர் ரசிகை மீண்டும் எழுதியது:

ஓபோவையும் சீவாளியையும் பற்றி வியாசர்பாடி ஆசிரியர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 2005 டிசம்பர் 26 அன்று, சுனாமியின் முதலாண்டு நினைவு நாளில், இசைக்குழு நடத்துநர் ஜுபின் மேத்தா, ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழுவுடன் மியூசிக் அகாதெமியில் நிகழ்ச்சி நடத்தினார். மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் அதே மேடை. துக்கத்தைச் சுமந்துகொண்டிருந்த ஊருக்கு அந்தக் குழு மூனிக்கிலிருந்து வர வேண்டியிருந்தது என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

நாகஸ்வரக் கலைஞர்களுக்குக் குழுவில் இடமும் சம்பளமும் உண்டு, நம் ஊரில் புதிதாக எழுதப்படும் இசைக்கு ஒவ்வொரு பருவத்திலும் பங்கு உண்டு என்ற இரண்டையும் மனுவில் தெளிவாக எழுதினால், என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம்.

பெரம்பூர் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் என் நன்றி. நேற்றிரவு மனுவை முதலிலிருந்து எழுதினேன். பிரம்மாண்டமான அரங்கம் என்று முன்பு எழுதியிருந்த பத்தியை முழுவதும் நீக்கிவிட்டேன். முப்பத்தைந்து கலைஞர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மாதச் சம்பளம்; ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஓர் ஒத்திகை அறை, அதை மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தும் உரிமை; நாகஸ்வரக் கலைஞர்களுக்கான இடமும், புதிதாக எழுதப்படும் இசைக்கான பங்கும்; பணம் மாநகராட்சி, மாநில அரசு, நன்கொடையாளர் என்று மூன்று வழிகளில் வருவதற்கான ஏற்பாடு. இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். வடிகாலைப் பற்றி வருத்தப்பட்டவரிடம் வாசித்துக் காட்டினேன். பேண்டு செட் தந்தையைப் பற்றிய பகுதியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கையெழுத்துப் போடுவதாக இன்னும் சொல்லவில்லை.

கோடம்பாக்கம் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற உங்கள் நண்பர்களில் வயோலா வாசித்தவர் எவரேனும் இருந்தால், மாதம் ஒரு முறையாவது என் பேத்தியின் குழுவோடு வந்து அமர்வார்களா? அவர்கள் வரிசையில் பெரியவர்கள் யாருமே இல்லை.

வியாசர்பாடி ஆசிரியரிடமும் ஒன்று கேட்க வேண்டும். தங்கள் பிள்ளைகளோடு வயோலா இல்லை என்று தெரிகிறது. இவள் வரலாமா என்று கேட்கிறாள். எந்தக் கிழமைகளில் வகுப்பு நடக்கிறது என்று எழுதினால், பள்ளி விட்டதும் நானே அழைத்து வருகிறேன். பென்சில் சீவி அவள் பெட்டிக்குள் வைத்தாயிற்று.